தோற்பதற்கென்றே பிறந்த சண்டைக்காரன்

ஒரு கம்பெனி புதிதாக ஒரு சாமான் செய்கிறது என்றால், அதை எவ்வளவு நன்றாகச் செய்யலாம் என்றுதான் யோசிக்கும். தேங்காய் அரைபடாத மிக்ஸியை யாரும் வேண்டுமென்றே செய்து கடைக்கு அனுப்ப மாட்டார்கள். ஆனால் 1995-ல் ஜப்பானின் ஒசாகா நகரத்து கேப்காம் கம்பெனி கிட்டத்தட்ட அப்படி ஒரு காரியத்தைச் செய்தது. ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து, படம் வரைந்து, குரல் பதிவு செய்து, ஒரு சண்டைக்காரனை உருவாக்கினார்கள். கூட இருக்கும் எல்லோரையும்விட இவன் மட்டமாகச் சண்டை போட வேண்டும் என்பதுதான் திட்டமே! அவன் பெயர் டான் ஹிபிகி.

ஏன் இப்படி என்று கேட்டால், ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம்: கோபம். அந்தக் கோபத்தின் கதையும், அது முப்பது வருடத்தில் என்னவாக மாறியது என்பதும்தான் இன்றைய சமாச்சாரம். கொஞ்சம் நீளம். காப்பி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதில் வாண்டு இருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிய விஷயம். மற்றவர்களுக்காகச் சின்ன அறிமுகம். ஃபைட்டிங் கேம் என்றால் திரையில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நிற்பார்கள். இருவர் தலைக்கு மேலும் ஒவ்வொரு பட்டை இருக்கும். அடி வாங்க வாங்கப் பட்டை கரையும். யாருடையது முதலில் காலியாகிறதோ அவர் அவுட். மூன்று ரவுண்டில் இரண்டு ஜெயித்தால் ஆட்டம் நமக்கு. அவ்வளவுதான் விதி. யாரை எடுத்துக்கொண்டு ஆடுகிறோம் என்பதில்தான் சுவாரசியம். ஒருவன் வேகமானவன், ஒருவன் பலசாலி, ஒருவனுக்குக் கை நீளம். இந்தியாவைக் குறிக்க 1991-ல் இதே கம்பெனி செய்த தல்சிம் என்ற யோகிக்குக் கையும் காலும் ரப்பர் மாதிரி நீளும், வாயிலிருந்து நெருப்பு வரும், கழுத்தில் மண்டை ஓட்டு மாலை வேறு. நம்மைப் பற்றி அவர்களுக்கு இருந்த ஞானம் அவ்வளவுதான் :-)

கேப்காம் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்களும் அவர்கள் சரக்கைப் பார்த்திருப்பீர்கள். தொண்ணூறுகளில் நம் ஊர் வீடியோ கேம் கடைகளில் பையன்கள் "முஸ்தபா கேம்" என்று சொல்லி அடித்துக்கொண்டு ஆடினார்களே, 1993-ல் வந்த கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், அது கேப்காம் செய்ததுதான்.

ஒரே ஊரில் இரண்டு கடை

ஒசாகா பக்கத்தில் இரண்டு கம்பெனிகள். ஒன்று கேப்காம். இன்னொன்று எஸ்.என்.கே. இரண்டும் காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்கு விளையாட்டு செய்து விற்றவை. ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு ஜவுளிக்கடை இருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு போட்டி.

1987-ல் கேப்காம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற விளையாட்டை வெளியிட்டது. அதைச் செய்தவர்களில் முக்கியமான இருவர் தகாஷி நிஷியாமா, ஹிரோஷி மட்சுமோட்டோ. வெள்ளை கராத்தே உடை போட்ட ரியூ என்ற நாயகன், அவன் கையிலிருந்து பாயும் ஹடோகென் என்ற ஒளிப் பந்து, எகிறி மேலே குத்தும் ஷோர்யூகென், கடைசியில் எதிர்ப்படும் தாய்லாந்து வீரன் சகாட் எல்லாம் அதிலேயே வந்துவிட்டன. ஆனால் அந்த விளையாட்டு பெரிதாக நிற்கவில்லை. பொத்தான்கள் சொன்ன பேச்சு கேட்காது.

அதற்குப் பிறகு நிஷியாமாவும் மட்சுமோட்டோவும் கேப்காமை விட்டு எஸ்.என்.கே.வுக்குப் போய்விட்டார்கள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

கேப்காமில் இருந்தவர்கள் சும்மா இல்லை. அகிரா நிஷிதானி, அகிரா யசூடா என்ற இரு இளைஞர்கள் முன்னின்று வடிவமைத்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, 1991-ல் வந்தது. உலகம் முழுக்கப் பற்றிக்கொண்டது. அடுத்த வருடம் சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்த பதிப்பு மட்டும் 63 லட்சம் பிரதிகள் விற்றது. இன்றைக்கு ஃபைட்டிங் கேம் என்று நாம் சொல்வதன் இலக்கணம் மொத்தமும் அதில் எழுதப்பட்டதுதான்.

அதே 1991 இறுதியில் நிஷியாமாவின் கைவண்ணத்தில் எஸ்.என்.கே. வெளியிட்டது ஃபேட்டல் ஃப்யூரி. 1992-ல் மட்சுமோட்டோவின் பங்கில் ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங். இந்த இரண்டாவதுதான் வம்பை இழுத்து வந்தது.

ரியூவும் ரியோவும்

ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்கின் நாயகன் பெயர் ரியோ. முழுப்பெயர் ரியோ சகாசாகி. கேப்காமின் ரியூ வெள்ளைக் கராத்தே உடையில் வந்தால், ரியோ ஆரஞ்சு நிறக் கராத்தே உடையில் வந்தான். ரியூவுக்கு கென் என்று பணக்கார அமெரிக்க நண்பன். ரியோவுக்கு ராபர்ட் கார்சியா என்று பணக்கார இத்தாலிய நண்பன், பின்னால் குடுமி கட்டியவன். ரியூ கையிலிருந்து ஒளிப் பந்து விட்டான். ரியோவும் விட்டான், கோவோகென் என்று பெயர் மாற்றி. ரியூ எகிறிக் குத்தினான். ரியோவும் எகிறிக் குத்தினான்.

பார்த்த கேப்காம்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? நம் வீட்டுச் செய்முறையில் பக்கத்துக் கடைக்காரர் அதிரசம் சுட்டு வாசலில் வைத்து விற்றால் எப்படி இருக்கும்?

ஆனால் எதிர்க்கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ரியூவை முதலில் செய்தவர்களே அவர்கள்தானே! நான் பெற்ற பிள்ளையின் சாயலில் இன்னொரு பிள்ளை பிறந்தால் அதற்குத் திருட்டு என்று பெயரா? வேலையை விட்டுப் போகும்போது கம்ப்யூட்டரையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுக்கலாம். கைப்பழக்கத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது? பொட்டி தட்டிப் பிழைக்கிற நம் எல்லோருக்கும் இந்தக் கேள்வி புரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங் வெறும் நகல் இல்லை. வீரர்கள் நெருங்கினால் காட்சி பெரிதாகும், விலகினால் சிறிதாகும். அடி வாங்க வாங்க முகம் வீங்கும். உயிர்ப் பட்டைக்குக் கீழே ஊக்கப் பட்டை என்று இன்னொன்று இருக்கும். விசேஷ அடிகளுக்கு அது செலவாகும். அது தீர்ந்து போனால் ஒளிப் பந்து புஸ்ஸென்று பாதியிலேயே அணைந்துவிடும். எதிரியை நக்கல் அடிப்பதற்கென்றே தனிப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எதிரியின் ஊக்கம் குறையும். தவிர, மகா அடி என்று ஒன்று, ஹாவ் ஷோகோகென், திரை கொள்ளாத அளவுக்குப் பெரிய ஒளிப் பந்து. 1994-ல் கேப்காம் தன் சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் "சூப்பர் காம்போ" என்று மகா அடியைச் சேர்த்தது. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கணக்குப் பார்த்தால் இரண்டு பரீட்சைத் தாளும் மாட்டும்.

கோர்ட்டும் கேலியும்

அந்தக் காலத்தில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாதிரி விளையாட்டு செய்யாத கம்பெனியே இல்லை எனலாம். அதில் ஒன்று டேட்டா ஈஸ்ட் 1993-ல் வெளியிட்ட ஃபைட்டர்ஸ் ஹிஸ்டரி. கேப்காம் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 1994-ல் கலிஃபோர்னியா கோர்ட் தடை விதிக்க மறுத்துவிட்டது. சில பாத்திரங்களும் சில அடிகளும் ஒத்துப் போவது உண்மைதான். ஆனாலும் குத்துவது, உதைப்பது, தற்காப்புக் கலையின் பொதுவான அசைவுகள் எல்லாம் யாருடைய தனிச் சொத்தும் அல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டேட்டா ஈஸ்டே முன்பு இதே காரணத்துக்காக வழக்குப் போட்ட கம்பெனி. 1984-ல் தாங்கள் செய்த கராத்தே சேம்ப் விளையாட்டைக் காப்பி அடித்ததாக எபிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி மேல் வழக்கு. கீழ்க்கோர்ட்டில் ஜெயித்து, 1988-ல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். கராத்தே விளையாட்டு என்றால் கராத்தே மாதிரிதான் இருக்கும் என்றது மேல்கோர்ட். அன்றைக்குத் தங்களைத் தோற்கடித்த அதே நியாயம் ஆறு வருடம் கழித்து அவர்களையே காப்பாற்றியது.

எஸ்.என்.கே. விஷயத்தில் கேப்காம் கையில் எடுத்தது வேறு ஆயுதம். கேலி.

முதல் கல் ஒரு ஓவியம். சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 காலத்தில் கேப்காமின் ஓவியர் அகிமான் (மேலே சொன்ன அகிரா யசூடாவேதான்) ஒரு படம் வரைந்தார். அதில் சகாட் ஒரு வீரனின் தலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். தொங்குகிறவன் ஆரஞ்சு உடை போட்டவன், குடுமி வைத்தவன். ரியோவின் உடை, ராபர்ட்டின் முடி. யாரைச் சொல்கிறார்கள் என்று விளங்காதவர்கள் அந்த வட்டாரத்திலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

அடுத்து 1995-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபாவில் அந்தத் தொங்கியவன் உயிர் பெற்றான். ஆரஞ்சு இப்போது ரோஸ் நிறமானது. முகம் ரியோ. முடி ராபர்ட். ஜெயித்தால் போடுகிற கும்மாளம் ரியோவின் தங்கை யூரியுடையது. முதலில் ரகசியப் பாத்திரமாக ஒளித்து வைத்தார்கள். பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால்தான் கிடைப்பான். 1996-ல் வந்த ஆல்ஃபா 2-ல் எல்லோருக்கும் பொதுவில் வந்துவிட்டான்.

எதிலெல்லாம் சொத்தை?

டானின் பிரதான அடியின் பெயர் கடோகென். ஹடோகெனை உச்சரிப்பில் கிண்டல் செய்த பெயர். "தன் வழி" என்று அர்த்தம் வரும்படி எழுதுவார்கள். ரியூ இரண்டு கைகளையும் சேர்த்து விடுவதை, டான் ஒற்றைக் கையால் விடுவான். ரியூவின் பந்து திரையின் அந்தக் கோடி வரை போகும். டானுடையது கை எட்டும் தூரம் போய், காற்றில் கரைந்துவிடும்.

இது எவ்வளவு பெரிய பலவீனம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். இந்த விளையாட்டில் ஒளிப் பந்தின் வேலை அடிப்பது மட்டும் அல்ல. தூரத்திலிருந்தே எதிரியை ஏதாவது செய்ய வைப்பது. பந்து வந்தால் அவன் தடுக்க வேண்டும், அல்லது குதிக்க வேண்டும். குதித்தால் கீழே காத்திருந்து ஷோர்யூகெனால் சாத்தலாம். ரியூவின் ஆட்டம் மொத்தமும் இந்த இரண்டு வரிதான். டானின் பந்து போய்ச் சேராது என்பதால் எதிரிக்குக் குதிக்க வேண்டிய அவசியமே இல்லை. கடோகெனின் குட்டை நீளம் அந்த ஒரு அடியை மட்டும் கெடுக்கவில்லை. சண்டையின் திட்டத்தையே அடியோடு பிடுங்கிவிடுகிறது. தெரியாத்தனமாகப் பலவீனமான பாத்திரங்கள் எல்லா விளையாட்டிலும் உண்டு. இது எங்கே வெட்டினால் மரம் சாயும் என்று தெரிந்தவர்கள் வெட்டிய வெட்டு.

ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்கில் ஊக்கம் தீர்ந்தால் ரியோவின் பந்து பாதியில் அணையும் என்று சொன்னேனே, டான் நிரந்தரமாக ஊக்கம் தீர்ந்த ரியோ.

அடுத்தது நக்கல். ஆல்ஃபாவில் மற்றவர்கள் ஒரு ரவுண்டுக்கு ஒரு முறைதான் எதிரியைச் சீண்டலாம். டானுக்குக் கணக்கே இல்லை. நின்று சீண்டுவான், உட்கார்ந்து சீண்டுவான், குதித்துக்கொண்டே சீண்டுவான், குட்டிக்கரணம் போட்டும் சீண்டுவான். அது போதாதென்று பிற்பாடு "மகா சீண்டல்" ஒன்றும் கொடுத்தார்கள். கஷ்டப்பட்டுச் சேர்த்த சக்திப் பட்டை முழுவதையும் செலவழித்து, வரிசையாக எல்லாச் சீண்டலையும் செய்து காட்டுவான். எதிரிக்கு ஒரு துளி சேதம் கிடையாது. அந்த நேரத்தில் எதிரி வந்து அடித்துவிட்டுப் போகலாம்.

1997-ல் வந்த மார்வெல் சூப்பர் ஹீரோஸ் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒட்டொகோ மிச்சி, அதாவது ஆண்மகனின் வழி, என்று ஒரு அடி. அகுமா என்ற பயங்கரமான வீரனின் உயிர் பறிக்கும் அடியைக் கேலி செய்வது. டான் எதிரியைப் பிடித்துக்கொண்டு தானே வெடித்துவிடுவான். எதிரிக்கு அடி படும். ஆனால் டானின் உயிர் நூலிழை அளவுக்கு வந்து நிற்கும். அதற்குப் பிறகு எதிரி தும்மினால் போதும். தன் கையெழுத்துப் போட்ட அட்டையை எதிரி மேல் எறியும் அடியும் உண்டு. ரசிகர் கேட்காமலே கொடுக்கிற ஆட்டோகிராஃப்!

சண்டையே இல்லாத விளையாட்டிலும் அவனை விடவில்லை. 1996-ல் வந்த சூப்பர் பஸில் ஃபைட்டர், கலர் கற்களை அடுக்கும் விளையாட்டு. நாம் கற்களை உடைத்தால் எதிரியின் பக்கம் இடைஞ்சல் கற்கள் விழும். எந்த வண்ணக் கோலத்தில் விழும் என்பது பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும். கோலம் எவ்வளவு சிக்கலோ, எதிரிக்கு அவ்வளவு தலைவலி. டான் அனுப்புவது மொத்தமும் சிவப்பு. எதிரி ஒரே ஒரு சிவப்பு வெடிகல்லை வைத்து அத்தனையையும் உடைத்து, நம் தலையிலேயே திருப்பிக் கொட்டலாம். இடைஞ்சல் என்ற பெயரில் சீர்வரிசை அனுப்புகிற ஒரே ஆள் இவன்.

இத்தனைக்கும் அவன் பள்ளியின் பெயர் சாய்க்யோ ரியூ. அர்த்தம்: மிக வலிமையான முறை. 2003-ல் வந்த வின்னர் படத்துக் கைப்புள்ளயைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வருத்தப்படாத வாலிபர் சங்கத்துக்கு ஒசாகாவில் கிளை இருந்தால் அதன் தலைவர் டான்தான்.

அப்படியானால் பலமே இல்லையா?

இருக்கிறது. இங்கேதான் செய்தவர்களின் கெட்டிக்காரத்தனம். ஒன்றுமே செய்ய முடியாத பொம்மையாக இருந்தால் ஒரு நாள் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். டானை அப்படிச் செய்யவில்லை.

கடோகென் தூரம் போகாது, சரி. ஆனால் ஒட்டி நிற்கும்போது அது முழு ஒளிப் பந்துதான். எதிரி தடுத்தாலும் விசேஷ அடி என்பதால் உயிர்ப் பட்டையில் ஒரு சிட்டிகை கரையும். கோர்யூகென் என்ற எகிறு குத்து, அளவு பார்த்துப் போட்டால் மேலிருந்து பாய்கிறவனைக் கீழே தள்ளும். டான்கூக்யாக்கு என்ற பறக்கும் தொடர் உதைதான் அவனுடைய சோறு போடும் தொழில். தூரத்தை அதுதான் கடத்தும். ஒளிப் பந்து போகாத இடத்துக்கு இவனே உடம்போடு பறந்து போக வேண்டும். அதனால் டானை ஆடுகிறவர் எப்போதும் எதிரியின் மூக்குக்கு அருகேயே நின்றாக வேண்டும். பயந்தாங்கொள்ளியாக ஆட வழியே இல்லை.

இன்னொரு பலம் பட்டையில் தெரியாதது. எதிரியின் மெத்தனம். டானை எடுத்தவரைப் பார்த்ததும் எதிராளி பாதி விளையாட்டாகத்தான் ஆடுவார். டானை ஆடுகிறவர்கள் குறைவு என்பதால் அவனை எதிர்த்துப் பழகியவர்களும் குறைவு. முதல் ரவுண்டு தோற்ற பிறகுதான் எதிராளி நிமிர்ந்து உட்காருவார். அதற்குள் அவர் காதில் சிரிப்புச் சத்தம் விழ ஆரம்பித்திருக்கும். டானிடம் தோற்பதைப் போல அவமானம் இந்த விளையாட்டில் கிடையாது. ரியூவிடம் தோற்றால் தோல்வி, டானிடம் தோற்றால் கதை. நாலு பேர் நாலு மாதம் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிப்புக்குள் ஒரு துக்கம்

வெறும் கேலிப் பொம்மையாக விட்டிருக்கலாம். விடவில்லை. டானுக்கு ஒரு கதை எழுதினார்கள். அவன் அப்பா கோ ஹிபிகி ஒரு வீரர். சகாட்டுடன் மோதி, அவன் ஒரு கண்ணைப் பறித்துவிடுகிறார். ஆத்திரத்தில் சகாட் அவரை அடித்தே கொன்றுவிடுகிறான். ஒற்றைக்கண் சகாட்டின் அந்தக் கண்பட்டைக்குப் பின்னால் இருப்பது டானின் அப்பா.

மகன் பழிவாங்கப் புறப்படுகிறான். ரியூவுக்கும் கென்னுக்கும் குருவான கோகெனிடம் சேர்கிறான். இவன் மனதில் இருப்பது பழி என்று தெரிந்ததும் குரு வெளியே அனுப்பிவிடுகிறார். அரைகுறையாகக் கற்ற பாடம்தான் அந்தக் குட்டைக் கடோகென். யோசித்துப் பாருங்கள், எதிர்க்கம்பெனியைக் கிண்டலடிக்க வெட்டிய நீளத்துக்கு, படிப்பு முடிக்காத மாணவன் என்று ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

கடைசியில் சகாட்டைச் சந்திக்கிறான், ஜெயித்தும் விடுகிறான். எப்படி? கதைப்படி சகாட்தான் விட்டுக்கொடுக்கிறான். ரியூவிடம் தோற்ற வெறியில் அலைந்துகொண்டிருந்த சகாட், இந்தப் பையன் முகத்தில் தன் வெறியையே பார்த்துவிடுகிறான். பழி தீர்ந்ததென்று நம்பி டான் பள்ளி திறக்கப் போகிறான். சகாட்டும் மெல்ல மெல்லத் திருந்துகிறான். டானுக்குத் தான் ஏன் ஜெயித்தோம் என்பது தெரியாது. தெரியாமலே சகுரா என்ற பள்ளிக்கூடப் பெண்ணுக்குத் தன்னைக் குருவாக நியமித்துக்கொண்டு, பிளாங்கா என்ற பச்சை மனிதனோடு நட்பாகி, நிம்மதியாக வாழ்கிறான்.

அடி வாங்கியவர்களின் பதில்

எஸ்.என்.கே. சும்மா இருக்கவில்லை. தங்கள் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் தொடரில் யூரிக்கு கேப்காம் வீரர்களின் அடிகளைக் கிண்டலாகக் கொடுத்தார்கள். கென் குத்துகிற மாதிரியே அவள் எகிறிக் குத்துவாள். ஆனால் பெரிய வேடிக்கை 1996-ல் வந்தது. அந்த வருடத்து கிங் ஆஃப் ஃபைட்டர்ஸில் ரியோவின் கோவோகெனின் நீளத்தை அவர்களே குறைத்து, கைக்கு முன்னால் மட்டும் வெடிப்பதாக மாற்றினார்கள். ரியோவைக் கேலி செய்து டான் பிறந்த மறு வருடமே, ரியோவின் பந்தும் டானுடையது போல ஆகிவிட்டது!

1999-ல் இரண்டு கடைக்காரர்களும் கை குலுக்கிக்கொண்டார்கள். எஸ்.என்.கே.யின் சின்னக் கையடக்கக் கருவிக்கு வந்த மேட்ச் ஆஃப் த மில்லேனியமில் இரு தரப்பு வீரர்களும் இருந்தார்கள், டானும் இருந்தான். 2000-ல் கேப்காம் வெர்சஸ் எஸ்.என்.கே. 2001-ல் அதன் இரண்டாம் பாகத்தில் ரியோவும் டானும் ஒரே திரையில் நிற்க முடிந்தது. அதே 2001-ல் எஸ்.என்.கே. திவாலானது. கைமாறி, பெயர் மாறி, மீண்டும் எழ அவர்களுக்குப் பல வருடம் பிடித்தது. கேலி செய்யப்பட்ட கடை மூடப்பட்டபோதும் கேலிப் பொம்மை தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

ஞாபகம் வைக்கச் சொன்ன பெயர் இப்போது. தகாஷி நிஷியாமா 2000-ல் டிம்ப்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். 2008-ல் கேப்காம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-ஐ வெளியிட்டபோது, கூடச் சேர்ந்து உருவாக்கியது இந்த டிம்ப்ஸ்தான். 2009-ல் அதன் வீட்டுப் பதிப்பில் டான் வந்தான். 2010-ல் அவனுக்கு ஹாவ் கடோகென் என்று ஒரு மகா அடி கிடைத்தது, ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்கின் ஹாவ் ஷோகோகெனை நேரடியாகக் கிண்டல் செய்வது. ஸ்ட்ரீட் ஃபைட்டரைத் தொடங்கி வைத்து, எஸ்.என்.கே.வுக்குப் போய், அங்கே போனதற்காகவே கேலிக்கு ஆளான அணியின் மூத்தவர் நடத்தும் கம்பெனி, அந்தக் கேலிப் பொம்மைக்கு உருக்கொடுக்கிற வேலையிலும் பங்கெடுத்தது. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

2021 பிப்ரவரியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-லும் டான் வந்து சேர்ந்தான். 2024-ல் எஸ்.என்.கே.யின் டெர்ரியும், 2025-ல் மாயும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கே விருந்தாளியாக வந்தார்கள். சண்டை தீர்ந்தது.

நமக்கு இதில் என்ன?

என் பையனோடு ஆடும்போது நான் டானைத்தான் எடுப்பேன். முன்பெல்லாம் பல அப்பாக்கள் செய்வது போல, நல்ல வீரனை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே தோற்கலாம். பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. எட்டு வயதில் கண்டுபிடித்துவிடுவார்கள், முகம் சுண்டிப் போகும். டானை எடுத்தால் நான் முழு மூச்சாக ஆடலாம். பொய் கிடையாது. பொருளில்தான் பலவீனம், ஆட்டத்தில் இல்லை. அவன் ஜெயித்தால் உண்மையாகவே ஜெயிக்கிறான். எப்போதாவது நான் ஜெயித்தால் சமையலறையிலிருந்து தங்கமணி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம்.

இன்னொன்றையும் யோசிப்பேன். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கேலி புதிது அல்ல. புனேயில் இந்தியில் பேசினால் உச்சரிப்புக்குச் சிரிப்பு, லீவுக்கு ஊருக்குப் போய்த் தமிழில் பேசினால் அங்கேயும் சிரிப்பு. கேலி செய்கிறவர் நினைத்ததோடு கேலி நிற்பதில்லை என்பதற்கு டான் ஒரு சாட்சி. ஒரு கம்பெனியின் ஆத்திரத்தில் பிறந்தான். போட்டியாளரை மட்டம் தட்டுவது மட்டுமே அவனுக்கு வேலை. இன்று அவனை ஆடுகிற பலருக்கு ரியோவைத் தெரியாது, அந்தப் பழைய சண்டை தெரியாது. ரோஸ் உடை போட்ட, எத்தனை முறை விழுந்தாலும் எழுந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற ஒருவனைத்தான் தெரியும். அவனை அவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

வீட்டில் இந்த விளையாட்டு இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையிடம் ரியூவைக் கொடுத்துவிட்டு, நீங்கள் டானை எடுத்துப் பாருங்கள். ஒட்டி நில்லுங்கள், உதையை நம்புங்கள், பந்தை நம்பாதீர்கள். சக்திப் பட்டை நிறைந்ததும் அதை அடிப்பதற்குச் செலவழிப்பதா, மகா சீண்டலுக்குச் செலவழிப்பதா என்பது உங்கள் இஷ்டம். நான் சீண்டல் கட்சி.